ஜன்னலோர ஓடிபி

மத்தியானம் ஒரு ஆட்டம் கேரம் ஆடினால்தான் எனக்குச் சோறு செரிக்கும், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கார் நிக்கோபாரில் எங்கள் அலுவலகம் சின்னது. பாலசுப்பிரமணியமாகிய நான், ஹரிஹரன், அகிலா, உமா மகேஸ்வரி. நாலே பேர். கேரம் பலகைக்கும் நாலு பக்கம்தான். போனுக்கு சிக்னல் கிடைப்பது என் மேசையருகே இருக்கிற ஜன்னலில் மட்டும். வந்த அன்றே நீங்களும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலெல்லாம் நடந்தீர்களே. அதனால் பாஸ்வேர்டை மறந்தவர்கள் எல்லாம், "பாலு அண்ணா, உங்க நம்பரையே போட்டுடறேன், ஓடிபி வந்தா சொல்லுங்க" என்று என் எண்ணைப் பதிந்துவைத்தார்கள். நானாகக் கேட்கவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதாதே, பிள்ளை பெயரை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று சுவரில் ஒட்டியவனே நான்தான்.

உமா மகேஸ்வரி வருடா வருடம் மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிப்பாள். புருஷனும் ஆறு வயது மகளும் விருதுநகரில். நியாயமான காரணம்தான். ஆனால் கேரத்தில் சிவப்பைப் போட்டு, அடுத்த அடியிலேயே ஃபாலோவும் போடுகிற ஜோடி எனக்கு இந்தத் தீவில் வேறு யார்? என் போனுக்கு ஓடிபி வரவழைத்து, அவள் பாஸ்வேர்டை மாற்றி, உள்ளே போய் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவேன். மறுநாள் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்பாள். "மறந்திருப்பேம்மா" என்று புதிதாக ஒன்று வைத்துக் கொடுப்பேன். மாற்றல் பட்டியலில் பெயர் இல்லை என்று அவள் அழுத மூன்று வருடமும் டீ போட்டுக் கொடுத்தது நான்தான். எனக்கும் கண் கலங்கிவிடும். அன்றைக்கெல்லாம் ஒரே ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

இந்த வருடம் யானைக்கு அடி சறுக்கிவிட்டது. லீவு முடிந்து அவள் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த நாளில் வாபஸ் வாங்கிவிட்டேன். அவள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, வாபஸ் தேதியைக் கேட்டதும் கத்தினாள்: "அன்னைக்கு நான் நடுக்கடல்ல கெடந்தேன் சார்! நெட்வொர்க்கே நஹி! நான் எப்படி வாபஸ் வாங்குவேன்?"

விசாரிக்க நீங்கள் வந்தீர்கள். அவளுக்கு மாற்றலும் கிடைத்தது. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் சார் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பலகையில் ஒரு பக்கம் காலியானது. சும்மா பார்க்கிறேன் என்று உட்கார்ந்தீர்கள். முதல் ஆட்டத்திலேயே சிவப்பு, ஃபாலோ இரண்டும் போட்டீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊர் திரும்ப ஏஜெண்டிடம் ஹெலிகாப்டர் டிக்கெட் போட்டபோது உங்கள் போனில் சிக்னல் இல்லை. "கோயி பாத் நஹி, பரவாயில்லை, உம்ம நம்பரையே போடும்" என்றீர்கள். விசாரிக்க வந்தவரே அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது?

திங்கட்கிழமை டிக்கெட் தானாக ரத்தாகிவிட்டது என்று நேற்று அந்த ஏஜெண்டைத் திட்டினீர்கள். பாவம், அவர்மேல் தப்பில்லை. புதன்கிழமைக்குப் போட்டதும் இப்போது இல்லை. அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

கையெழுத்து எங்கே சார் போடணும்? பலகையில் பவுடர் தூவி வைத்திருக்கிறேன்.