தப்ஸ் ஓசையை ரகசிய சைகை என்று எழுதியது பற்றி ரங்கம்மாள் சொன்னது

ரங்கம்மாள், வயது சுமார் 44, காலஞ்சென்ற ஜம்புலிங்கத்தின் மனைவி, டீக்கடை வியாபாரம், ஆம்பூர், வட ஆற்காடு மாவட்டம். 12.10.1981 அன்று, தடுப்புக் காவல் உத்தரவு ஒன்றைக் குறித்து விசாரணை அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி ஊரில் தோல் பதனிடும் ஷாப்பு கேட்டுக்கு எதிரில் டீக்கடை நடத்தி வருகிறேன். தற்போது வேலூர் ஜெயிலில் தடுப்புக் காவலில் இருக்கும் அமீர் பாஷா, அந்த ஷாப்பில் வேலை செய்தவர், தொழிலாளர் சங்கச் செயலாளர். அவர் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை.

கடந்த ரம்ஜானுக்கு இரண்டு மாதம் முன்பு சீனிவாசன் என்பவர் என் கடைக்கு வந்து, தான் பச்சைத்தோல் வாங்க வந்த கமிஷன் ஏஜென்ட் என்று சொன்னார். அவர் ஒருநாளும் தோல் விலை கேட்டதில்லை. தோல் வண்டி போனால் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். சங்கத்தில் யார் யார் என்று மட்டும் கேட்பார். எனக்கு அப்போதே சந்தேகம். "இன்னா சார், தோல் புடிக்க வந்தீங்களா, ஆள் புடிக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ரம்ஜான் பிறந்தது. நோன்பு இருப்பவர்களைச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப, விடியும் முன்னே தப்ஸ் மேளம் கொட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவது எங்கள் ஊர் வழக்கம். அமீர் பாஷா வருஷா வருஷம் போவார். சீனிவாசன் என்னிடம், "அவன் கொட்டினா வீட்டுக்கு வீடு விளக்கு எரியுதே, எதுக்கு?" என்று கேட்டார். "எழுந்து சோறு துன்றதுக்கு சார். அப்புறம் பொழுது சாயற வரைக்கும் பச்சைத்தண்ணி கூட கெடையாது" என்று விவரமாகச் சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினார்.

அதன் பிறகு, பெருநாள் முடிந்த வாரம் அமீர் பாஷாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காவல் உத்தரவை அவர் தரப்பு வக்கீல் படித்துச் சொன்னார். தப்ஸ் அடிப்பது ஷாப்பைக் கொளுத்த ஆள் திரட்டும் ரகசிய சைகை என்றும், அதைச் சொன்னது டீக்கடை ரங்கம்மாள் என்றும் அதில் இருந்ததாம். அமீர் பாஷாவின் மனைவி ஹலீமா பீ கடை வாசலில் நின்று, "நீயா ரங்கம்மா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் போனவள், இன்றுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சீனிவாசனை பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சட்டையைப் பிடித்தேன். அப்போதுதான் தான் உளவுப் பிரிவு என்று ஒத்துக்கொண்டார். "நீ சொன்னது எனக்குத் தெரியும்க்கா. மாசக்கணக்கா குந்திக்கினு, இங்க ஒண்ணும் இல்லன்னு எழுதினா மேல இருக்கறவங்க உடுவாங்களா?" என்றார். "அடப்பாவி, தெரிஞ்சேவா எழுதினே!" என்றேன். பஸ் ஏறிப் போய்விட்டார்.

சீனிவாசன் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று விசாரணை அதிகாரி கேட்டார். கூடாது. அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். பொய்யைத்தான் எழுதினார்.

இவ்வளவும் எழுதிய பிறகு, அமீர் பாஷாவின் கூட்டாளிகள் இப்போது யார் யார் என் கடைக்கு வருகிறார்கள் என்று அதிகாரி கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே, தெரியாது என்று எழுதப் போனார். பேனாவை நிறுத்தச் சொன்னேன். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அப்படியே எழுதவும்.

என் மகள் பூரணி படிக்க, முழுவதும் கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது மட்டுமே இதில் இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ரங்கம்மாள்