நிழலில் இருக்கச் சொன்ன மருந்து

— இந்தக் கிறீமை மணந்து பாத்து ஒண்டும் தெரியாது அன்ரி. இதிலை என்ன கலந்திருக்கெண்டு டப்பாவிலை ஒரு எழுத்தும் இல்லை. எங்கை வாங்கினீங்கள்?

— சந்தியிலை, பான்சிக் கடையிலை. பத்து நாளிலை முகம் வெள்ளையாகுமாம். நீர் பாமசியிலை நிக்கிறனீர், உமக்கு விளங்கும் எண்டுதான் கொண்டந்தனான் தனுசியா.

— வெள்ளையாகும். பேந்து தோல் உரிஞ்சு, முந்தினதிலும் கறுக்கும். எங்கடை மச்சாள் உப்பிடித்தான் ஒண்டைப் பூசிப்போட்டு, தன்ரை கலியாண வீடியோ முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவா.

— பகிடி விடாதையும் பிள்ளை.

— சரி, சரி. யாழ்ப்பாணத்திலை தோல் டொக்டரிட்டைப் போனனீங்களெல்லே? அவர் எழுதின மருந்து இந்தா, எடுத்து வைச்சிருக்கிறன். ஒண்டு இரவிலை பூச, மற்றது வெயிலுக்கு.

— அது பூசி முகத்திலை இந்தக் கறுப்பு மங்கு போக ஆறு மாசம் செல்லுமாம். என்ரை மகன் றெக்ஷன் அடுத்த மாசம் வந்து நிண்டிடுவான். மாமன்காரன் ரிக்கெற் போட்டுக் கூட்டியாறார்.

— லண்டனிலையிருந்து மகன் வாறாரோ! பேந்தென்ன அன்ரி? அம்மான்ரை முகத்திலை மங்கு எண்டு எந்தப் பிள்ளை திரும்பிப் போகும்?

— போகமாட்டான். ஏன் இப்பிடிக் கறுத்தனீங்கள் எண்டு கேப்பான்.

— போனிலை பாத்திருப்பார்தானே?

— முகத்தை வடிவாக்கிக் காட்டுறது ஒண்டு போனிலை இருக்கெல்லே. அதைப் போட்டுக்கொண்டுதான் கதைக்கிறனான்.

— கேதீஸ்வரி அன்ரி, நீங்கள் பொல்லாத ஆள்! இங்காலை வெளிச்சத்துக்குத் திரும்புங்கோ பாப்பம். நெத்தியிலை கோடு கீறினமாதிரிக் கிடக்கு. மேலை வெள்ளை, கீழை கறுப்பு. தலையிலை துண்டு கட்டுறனீங்களோ?

— கட்டுறனான்... வீடு கூட்டேக்கை. தூசுக்கு.

— வீடு கூட்டி ஆரும் இப்பிடிக் கறுப்பினமே? கையைக் காட்டுங்கோ. நகத்துக்குள்ளை எல்லாம் மண். வெங்காயம் கிண்டுற ஆக்களின்ரை கைமாதிரி.

— மெல்லக் கதையும்.

— அன்ரி...

— வேலணைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போறனான். காலமை முதல் பஸ். எங்கடை ஊர் கரம்பொனிலை ஒருத்தருக்கும் தெரியாது. நீரும் வாய் திறக்கக்கூடாது.

— உங்களுக்கேன் அன்ரி கூலி வேலை? வெளிநாட்டுக் காசிலை கதிரையிலை இருந்து சாப்பிடுறா எண்டெல்லே ஊர் முழுக்கக் கதை!

— கதைக்கட்டும். அது எனக்கு நல்லதுதான்.

— இஞ்சை கேளுங்கோ. அந்த டப்பாவை எறியுங்கோ. இதைப் பூசினா மெல்ல மெல்ல மாறும். ஆனா வெயிலுக்குள்ளை நிண்டா இதாலையும் ஒண்டும் செய்ய ஏலாது. மகனைக் கொஞ்சம் கூட அனுப்பச் சொல்லிப்போட்டு நிழலிலை இருங்கோ.

— அவனுக்கு அங்கை செய்துகொண்டிருந்த வேலையும் போயிட்டுது பிள்ளை. இன்னும் ஒரு வருசப் படிப்புக் கிடக்கு. தேப்பன்ரை குருநாகல் கடை வித்த காசு பாங்கிலை இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு படிக்கிறான். அது எப்பவோ முடிஞ்சுது. அந்த டப்பாவை இஞ்சை தாரும். நான் நிழலிலை இருந்தா, அவனுக்கு ஆர் காசு அனுப்புறது?