ஊர் பார்க்க ஓர் ஒத்திகை

கறுப்புத் துணியை எப்போதும் உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும். நேராகத் தேய்த்தால் பளபளப்பு ஏறிவிடும். மேடை விளக்கில் தோளெல்லாம் எண்ணெய் வடிந்ததுபோல் தெரியும். சலவைக்கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். அந்த ஐந்து சட்டைகளையும் அப்படித்தான் தேய்த்தேன். நீங்கள் பையில் போட்டு முத்திரை வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். மற்ற நான்கும் கடையில் தொங்கும், எடுத்துப் பாருங்கள். ஒரு குறை சொல்ல முடியாது.

தண்ணீர் போதும் சார். டீ வேண்டாம்.

என் தம்பி ஓபோ வாசிப்பவன். கறுப்பாக, ஒல்லியாக ஒரு குழல்; நுனியில் இரண்டு நாணல் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய சீவாளி. அதற்குள் ஊசி நுழையும் அளவுக்குத்தான் காற்று போகும். மற்ற குழல்காரர்களுக்கு மூச்சு போதாமல் திணறும், ஓபோக்காரனுக்கு மூச்சு மிஞ்சித் திணறும். பழையதை வெளியே விட்டால்தான் புதியதை இழுக்க முடியும். அவன் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா இறந்தபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போயிருந்தார். வளர்த்தது நான்.

இதற்கு முன் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். சின்ன வயதில் அவனுக்குத் திக்குவாய். பள்ளியில் ஒருத்தன் தினமும் அதை நடித்துக் காட்டுவான். அந்தப் பையன் மாடிப்படியில் உருண்டு முன்பற்கள் நான்கும் போயின. கால் இடறிவிட்டது என்றார்கள், நான் மறுத்துப் பேசவில்லை. பிறகு முதல் வாத்தியார். தப்பாக ஊதினால் விரல் முட்டியில் அளவுகோலால் அடிப்பார். அவர் வீட்டுத் துணியும் எங்கள் கடைக்குத்தான் வந்தது. ஒருநாள் காத்திருந்தபோது குடிக்கத் தண்ணீர் கேட்டார். கடையில் கறை எடுக்கும் மருந்துகள் இருக்கும். சிலதுக்கு வாசனையே இராது. இன்றுவரை அவருக்குக் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்குவதில்லை என்று கேள்வி. பெருமைக்குச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொன்னேன்.

இனி ஒத்திகை.

நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. கச்சேரி இல்லை, ஒத்திகை. அதையே ஊர் பார்க்க நடத்துவது என்று ஏற்பாடு. நடுவில் அரைவட்டமாக ஐந்து நாற்காலி, ஐந்து ஊதுகருவி: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன். சுற்றிலும் ஜனங்கள் காய்கறிப் பையோடும் கைக்குழந்தையோடும் வந்து உட்காருவார்கள், பாதியில் எழுந்து போவார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

முதலில் தம்பி ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஊதுவான். மற்ற நால்வரும் அதில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். சுருதிக்கு அவன்தான் ஆதாரம். அந்த அரை நிமிடத்துக்காகவே நான் முதல் வரிசையில் இடம் பிடிப்பேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கிளாரினெட்காரர் கையில். கைகாட்ட இதில் தனி ஆள் கிடையாது. அவர் குழலின் நுனியைத் தூக்குவார், ஐந்து பேரும் சேர்ந்து மூச்சிழுப்பார்கள். ஒரே நெஞ்சு விரிவதுபோல் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

கடைசியாக நான் போன சனிக்கிழமை, மெதுவான ஓர் இடத்தில் அவர் நிறுத்தினார்.

"இரு, இரு. அங்க ஏன் முந்துற?"

"மூச்சு..." என்றான் தம்பி.

"அத முன்னாடியே விட்டுடு. எங்களப் பாரு. தனியா ஓடாத. சரி, மறுபடி."

மறுபடி, மறுபடி என்று பதினோரு முறை. நான் எண்ணினேன். ஹார்ன் வாசிக்கும் பெண் தன் குழாயைக் கழற்றி எச்சில் நீரைத் துணியில் வடித்துக்கொண்டிருந்தாள். பசூன்காரர் கூரையில் எதையோ தேடினார். ஏழாவது முறை நிறுத்தியபோது கிளாரினெட்காரர் ஜனங்களின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு நல்லாத்தான் கேட்டிருக்கும். எங்களுக்குத்தான் காது கெட்டுப் போச்சு."

கூடமே சிரித்தது. தம்பியும் சிரித்தான். அவமானத்தை மறைக்கச் சிரிப்பவனை எனக்குத் தெரியாதா?

பன்னிரண்டாவது முறை யாரும் நிறுத்தவில்லை. ஓபோவும் கிளாரினெட்டும் ஒன்றுக்குள் ஒன்று போயின. எது எதுவென்று என்னால் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவனுடைய ஊதலை நான் பிரித்தறிய முடியாமல் போனது அதுதான் முதல் தடவை. முடிந்ததும் கிளாரினெட்காரர் எட்டி அவன் முழங்காலைத் தட்டினார். தம்பியின் கண்ணில் தண்ணீர்.

"அந்தப் புள்ளைக்கு எவ்ளோ சந்தோஷம் பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்த அம்மாள்.

வெளியே போகும்போது அந்த அம்மாளின் விரல்கள் கூடத்துக் கதவில் நசுங்கின. கதவை இழுத்தது நான்தான். பாவம், குறுக்கே கையை வைத்தது தன் தப்பு என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். இரண்டு நகம் போயிருக்கும்.

அன்று மத்தியானம் தம்பி சாப்பிடவில்லை. சீவாளியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, இனிமே ஒத்திகைக்கு வராத."

"ஏன்டா?"

"நீ எதிர்ல உக்காந்திருந்தா எனக்கு மூச்சு வரமாட்டேங்குது."

"அந்த ஆளு உன்ன நாலு பேர் முன்னால நாறடிக்கிறான். அதான் மூச்சு வரல."

"அக்கா, தப்பத் திருத்துறதுக்குத்தான் ஒத்திகை. என்னை நிறுத்துங்கன்னு அவர்கிட்டக் கேட்டதே நான்தான்." கத்தியைக் கீழே வைத்தான். "இன்னொண்ணு. எங்க அஞ்சு பேரையும் வேற ஊர்ல கூப்பிட்டிருக்காங்க. அங்கேயே தங்கி வாசிக்கணும். அடுத்த வாரம் கிளம்புறோம்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலக்கா. நீ எனக்காக நெறைய பண்ணிட்ட. போதும்கா. உனக்குன்னு கொஞ்சம் இரு."

கோபித்துக்கொண்டேனா என்று கேட்டால், இல்லை. குழம்பைச் சுடவைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டான். திக்காமல், நிறுத்தாமல் அவ்வளவு பேசினான் என்பதைத்தான் கவனித்தேன். அந்தப் பேச்சு அவனுடையது இல்லை. யாரோ உள்ளே புகுந்து ஊதுகிறார்கள் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்து பேரின் மேடைச் சட்டைகளையும் வாங்கிப்போகக் கிளாரினெட்காரர் வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். தம்பி தெருவுக்கு அந்தப் பக்கம் காரின் பின்பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தான். துணி தேய்க்கும் எங்கள் நீராவி அழுத்தி பழைய மாதிரி. காலால் மிதித்தால் மேல்மூடி இறங்கும், காலை எடுத்தால் எழும்பும். முதலாளியை விட்டுவிடுங்கள், அவர் நல்ல மனிதர்.

"உங்க தம்பி மாதிரி ஒருத்தன் கூட வாசிக்கிறது எங்க அதிர்ஷ்டம்மா" என்றார் கிளாரினெட்காரர்.

"இந்தக் காலர்ல ஒரு கறை போகல. நீங்களே தொட்டுப் பாருங்க" என்றேன்.

அழுத்தியில் விரித்திருந்த காலர்மேல் அவர் வலது கையை வைத்தார். நான் மிதித்தேன்.

பருத்திக்குப் பன்னிரண்டு நொடி. பழக்கத்தில் எண்ணினேன். ஏதாவது நாற்றம் வந்ததா என்று கேட்டீர்கள். எங்கள் கடையில் எப்போதும் சூட்டு நாற்றம்தான், எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் அதிகம். இடது கையால் மூடியை மடார் மடாரென்று அடித்தார். பிறகு அடிக்கவில்லை, முழங்கால் மடிந்து தொங்கினார். எலும்பு நொறுங்குவது காலுக்குத் தெரியும் சார், மிதியில் ஒரு சின்ன உதறல்.

தம்பி ஓடிவந்தான்.

"அக்கா, கால எடு! கால எடுக்கா!"

எடுத்தேன். இந்த இடத்தில் உங்கள் ஆள் தப்பாக எழுதியிருக்கிறார். இயந்திரம் தானாக இறங்கியது என்று இருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. நான் காலை எடுத்ததும் மூடி எழும்பி நின்றது. அந்த ஆளின் கை சட்டையோடு சட்டையாக ஒட்டியிருந்தது. பிய்த்தெடுக்கத் தம்பி தன் இரண்டு கைகளையும் உள்ளே விட்டான். நீளமான விரல்கள் அவனுக்கு. சின்ன வயதில் நகம் வெட்டிவிடும்போது தூங்கிப்போவான். ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தான். என் கால் எங்கே இருக்கிறது என்று அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். கைகள் யாருடையவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மிதித்தேன். இந்த முறை எண்ணவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொடுங்கள்.

ஒன்று மட்டும். மருத்துவமனையில் என் பெயரைச் சொன்னாலே கத்துகிறானாம். வலியில் யாரும் அப்படித்தான். ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு அவன் பழக்கம் தெரியாது. சட்டை பொத்தான் போட்டுவிட வேண்டும், சோறு ஊட்டிவிட வேண்டும், சூடு பொறுக்கமாட்டான், ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். இனி எல்லாவற்றுக்கும் அவனுக்கு ஆள் வேண்டும். என்னை எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீர்கள்?