கோவிச்சுக்கக் கூடாத முறை

எங்க பெரியப்பா ஒரு தடவை பஞ்சாயத்துல எழுந்து நின்னு சொன்னாரு தம்பி, மோஸிக்காரன் உன்னைத் திட்டினா சிரிச்சுடு, அவன் சிரிச்சா மட்டும் நீ... நீ என்னமோ பண்ணணும்னாரு. என்னன்னு ஞாபகம் வரல. காலையிலேர்ந்து யோசிச்சுப் பாக்கறேன், ம்ஹூம். வந்திருந்தா அதைச் சொல்லியே உன் வாயை அடைச்சிருப்பேன்.

தள்ளி உக்காரு. விளையாட்டுக்குச் சொல்லல, நிஜமாவே தள்ளி உக்காரு.

அந்தச் செக்போஸ்ட்ல போலீஸ்காரன் என் கார்டை வாங்கி ஸெர்போன்னு பேரைப் படிச்சானோ இல்லையோ, உனக்கு வந்துடுச்சே குஷி! ஸாமோ அடிமை ஒருத்தன் பஸ்ல இருக்கான், நாய் வச்சிருக்கறவங்க எல்லாம் பத்திரமாப் பிடிச்சுக்குங்கன்னு கத்தின. பஸ்ஸே சிரிச்சுது. போலீஸ்காரனும் சிரிச்சுட்டு, பாக்கிப் பேரோட கார்டைப் பாக்காமலே போங்கன்னுட்டான். அரை மணி நேரம் மிச்சம். சரி, நல்லதுதான். இல்லங்கல.

தெரியும்யா. எனக்கே பாடம் எடுக்காத, நான் வாத்தியார். நீ மோஸி இனம், நான் ஸாமோ இனம், பூட்டன் காலத்துலேர்ந்து நமக்குள்ள கேலி முறை. நீ என்னை நாய் தின்னிங்கலாம், நான் உன்னைக் கழுதைங்கலாம். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டா அவன் மனுஷனே இல்ல. அதனாலதான் இந்த நாட்டுல நாமெல்லாம் வெட்டிக்காம இருக்கோம்னு ரேடியோவுல வாரா வாரம் சொல்றான். கேட்டிருக்கேன்.

என்னது? எல்லைக்கு அந்தப் பக்கம் அபிஜான்லேர்ந்து வந்தவன் மாதிரிப் பேசறேனா? ஆமா, அங்கதான் இருந்தேன், இருபத்தோரு வருஷம். அங்க ஒருத்தனும் என்னை நாய் தின்னின்னு கூப்பிடல. கூப்பிட்டிருந்தா ஓங்கி ஒண்ணு விட்டிருப்பேன். விடலாம் அங்க.

இங்க திரும்பி வந்து மூணாவது நாளு. வாகடூகுவுல பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னாடி நடந்து போயிட்டிருக்கேன். ஒருத்தன் மொபெட்ல வந்து இடிச்சுத் தள்ளிட்டான். பின்னாடி சீட்ல இரும்புக் கம்பி கட்டியிருக்கான், முட்டியில குத்தி எலும்பு தெரியுது. நான் எழுந்து அவன் சட்டையைப் பிடிச்சேன். போலீஸ்காரர் ஓடி வந்து, உன் பேரென்னன்னாரு. சிபிரி கிந்தாங்கறான். உன் பேரு? ஸெர்போ. அவ்வளவுதான் தம்பி. கிந்தான்னா மோஸி, ஸெர்போன்னா ஸாமோ. அந்த சிபிரி நடுரோட்டுல கையைத் தட்டிக்கிட்டு ஆடறான். அட, என் வீட்டை விட்டு ஓடிப்போன அடிமை, இருபது வருஷமாத் தேடறேன், இப்பத்தான் சிக்கினான்னு. போலீஸ்காரர் சிரிக்கறாரு. தக்காளி விக்கற பொம்பளைங்க சிரிக்கறாங்க. எனக்கு ரத்தம் கொட்டுது, நானும் சிரிக்கறேன். வேற என்ன பண்ணச் சொல்ற? ஏழு தையல் போட்டாங்க. அவன்தான் கூட்டிட்டுப் போனான். போற வழியெல்லாம், ஸாமோ ரத்தத்துல நாய் வாசனை அடிக்குதுன்னுக்கிட்டே வந்தான்.

அப்படித்தான் சிநேகம் ஆச்சு. ஆறு வருஷம். எங்க தெருவுலயே வெல்டிங் பட்டறை வச்சிருந்தான். கேட்டு, ஜன்னல், கோழிக்கூண்டு. காலையில நான் பல்லு விளக்க வெளிய வந்தா போதும், கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டுக் கேப்பான். ஏ அடிமை, எசமான் எழுந்துட்டேன், காபி எங்கடா? நானும் விடமாட்டேன். எசமானுக்கு முதல்ல வாலைக் கட்டிப் போட்டுட்டு வரேன்னு சொல்வேன். தெருவே வேடிக்கை பாக்கும். ஆறு வருஷத்துல நாங்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நேராப் பேசிக்கிட்டதில்ல தம்பி. எங்கம்மா செத்தப்பக்கூட வாசல்ல வந்து நின்னு, கிழவி என் கடனைக் கட்டாமப் போயிட்டாளேன்னு ஒப்பாரி வச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நான்கூட அன்னிக்கு அழுதுக்கிட்டே சிரிச்சேன். மனசு லேசாத்தான் ஆச்சு. பொய் சொல்லல.

ஆமா, இருந்தான், வச்சிருந்தான்னுதான் சொல்றேன். காது நல்லாத்தான் கேக்குது உனக்கு.

வெள்ளிக்கிழமை போயிட்டான். இன்னிக்கு அடக்கம். யாகோவுக்குப் பக்கத்துல அவன் ஊரு. அங்கதான் போறேன்.

இந்தப் பையா? அவனோட நீலச் சட்டை, பேன்ட், அந்தக் கறுப்புக் கண்ணாடி. அவங்க அண்ணன் குடுத்தனுப்பிச்சாரு. நீயே மோஸிதானே, உனக்குத் தெரியாதா? ஸாமோ வந்து கூத்தடிக்காம உங்க ஆளுங்களுக்கு மண்ணு விழாதே! நான் இதைப் போட்டுக்கணும், அவன் மாதிரிக் காலை இழுத்து இழுத்து நடக்கணும், வெட்டி வச்ச குழிக்குள்ள இறங்கிப் படுத்துக்கணும். இது என் எடம், ஒரு கோழி குடுத்தாத்தான் எழுந்திருப்பேன்னு சொல்லணும். அவன் பொண்டாட்டி தலாத்தூவே போன் பண்ணினா. அண்ணே, நீங்க வரலன்னா அவரு அநாதை மாதிரிப் போயிடுவாரு, வந்து எங்களைச் சிரிக்க வைங்கண்ணேன்னா. அதோட இன்னொண்ணும் கேட்டா. சாகறதுக்கு முன்னாடி பட்டறையில யார்கிட்டயோ போன்ல பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தாரே, உங்ககிட்டயா அண்ணேன்னு. இல்லம்மான்னுட்டேன்.

என்னையே பாக்காத. ஜன்னலைப் பாரு.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுட்டு பரீட்சைத் தாள் திருத்திட்டிருந்தேன். அவன்தான் கூப்பிட்டான். அடிமை, உன் காரை எடுத்துட்டு வா, எசமானுக்கு நெஞ்சுல என்னமோ கழுதை உக்காந்த மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரலாம்னான். அந்தக் கேலிக் குரல்லதான் சொன்னான். வேற குரலே கிடையாது அவனுக்கு என்கிட்ட. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மோஸிக்கு ஏதுடா நெஞ்சு, அது வெறும் தீனிப் பையின்னேன். செத்ததுக்கு அப்புறம் சொல்லு, கோழி வாங்கிக்க வரேன்னேன். சிரிச்சான் தம்பி. நிஜமா சிரிச்சான். சரி, கோழியைக் கொழுக்க வைன்னான். போனை வச்சுட்டான். பட்டறைக்கும் என் வீட்டுக்கும் இருநூறு அடி இருக்கும். பதினேழு தாள் பாக்கி இருந்துச்சு, திருத்தி முடிச்சுட்டு எழுந்து போறேன், பட்டறை வாசல்ல கூட்டமா நிக்குது.

காரா? வீட்டு வாசல்லதான் நிக்குது. அதுல ஏறி உக்கார முடியல. அதான் பஸ்.

ஒரே ஒரு தடவை, ஸெர்போ, எனக்கு முடியலன்னு சொல்லியிருக்கக் கூடாதா அந்தப் பாவி? அந்தக் கோபம்தான் எனக்கு. அவன்மேல. உன்மேலயும்தான். இந்தப் பஸ்ல பல்லைக் காட்டின அத்தனை பேர்மேலயும்.

என்ன சொன்ன? திரும்பச் சொல்லு. குழிக்குள்ள படுத்திருக்கறப்போ அதையும் சேத்துச் சொல்லிட்டா பாரம் இறங்கிடும்ங்கறியா?

அடேய். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, உன் புருஷனைக் கொன்னது நான்தான், கூப்பிட்டான், போகலன்னு நான் குழிக்குள்ளேர்ந்து சொன்னா ஊரே கை தட்டும். தலாத்தூ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. சிரிச்சுத்தான் ஆகணும் அவ. அடுத்த வாரம் தனியா உக்காந்து யோசிச்சா, அப்பவும் என்னைக் கோவிச்சுக்க முடியாது. ஸாமோ சொன்னதாச்சே! முறையாச்சே! எனக்கு அது வேணாம் தம்பி. அவ என்னை அறையறதுன்னா அறையட்டும். அதுக்கு அவளுக்கு வழி இருக்கணும்.

யாகோ வந்துடுச்சா? கொஞ்சம் காலை மடக்கு, இறங்கணும்.

கேக்கறியே, சொல்றேன். குழிப் பக்கம் போகமாட்டேன். நேரா வீட்டுக்குப் போய், இந்தத் துணியைத் தலாத்தூ கையில குடுத்துட்டு, அந்தப் போனு எனக்குத்தான் வந்துதுன்னு சொல்லப்போறேன்.