தள்ளுபடியான அன்று

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

“ஜட்ஜம்மா என்னிய பைத்தியம்னு சொல்லல மச்சான்.”

ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்திலிருந்தவர் அவர் மனைவியின் தம்பி என்பது பேச்சில் தெரிந்தது.

“கேஸ தள்ளுபடி பண்ணிட்டாங்களே மாமா.”

“பண்ணாங்க. கவர்மெண்ட்டு என்னிய வேவு பாக்குதுன்றதுக்கு ஆதாரம் இல்லன்னாங்க. ஆனா நான் பேசனத முழுசா கேட்டாங்க. சிரிக்கல.”

“ஒரு வக்கீல் வெச்சிருந்தா…”

“எந்த வக்கீலு நம்பினான்? அதான் நானே பேசினேன்.”

“அப்பீல் போவியா?”

“தெரியல. அலுப்பா கீது.”

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மச்சானின் செல்போன் அடித்தது. “அக்காதான்” என்று நீட்டினார். இவர் கையை இழுத்துக்கொண்டார்.

“வேணாம். வேவு பாக்கறவங்க கேட்டுகினு இருப்பாங்க.”

“காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்காம ஒக்காந்துகினு கீது. ரெண்டு வார்த்த பேசு மாமா.”

சற்று நேரம் போனையே பார்த்தவர், வாங்கிக் காதில் வைத்தார்.

“நான்தான் சாந்தி. தோத்துட்டேன்… அழுவாத. வந்துகினு கீறேன்.”

பிறகு அதே போனில், வேறு யாரிடமோ பேசுவது போல, மரியாதையாகச் சொன்னார்:

“கேட்டுகினு கீற சார், இது என் பொஞ்சாதி. கொஞ்ச நேரம் நாங்க தனியா பேசிக்கிறோம். நீங்க வெச்சிடுங்க.”

அந்த ஆள் வைத்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தார்.

“இப்ப சொல்லு” என்றார்.