அக்கரை விலாசம்

– வீடு போகாது அக்கா. நான் சொல்றேன், போகாது. முதல்ல அந்த அடுப்பை விட்டுட்டு இங்க வந்து உக்காரு.

– பீன்ஸ் அடி பிடிச்சா உன் தலையிலதான் கொட்டுவேன் டேரல். நீ பாட்டுக்குப் பேசு, எனக்குக் காது கேக்குது.

– வக்கீலம்மா முன்னாடி ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். வெளிய வந்து வண்டியில தனியா சிரிச்சுக்கிட்டு வர்றேன். பாலத்துல எதிர்ல வந்தவன் நான் குடிச்சிருக்கேன்னு ஒதுங்கிட்டான்.

– குடிக்காமலே நீ அப்படித்தான் ஓட்டுவே. விஷயத்துக்கு வா.

– கேளு, கேளு. வியாழக்கிழமை அப்பாவைப் பராமரிப்பு இல்லத்துல சேக்குறோம். மாசாமாசம் அவங்க கேக்குற காசு நம்ம பரம்பரைக்கே கிடையாது. அரசாங்கம் கட்டும். ஆனா அப்பா காலத்துக்கு அப்புறம் இந்த வீட்டை வித்துக் கட்டினதை எடுத்துக்கும். இதுதானே நம்ம வயித்துல இருக்கிற கல்லு?

– உன் வயித்துல கல்லு. என் தலையில பாறை. இந்த வீடு போனா நான் எங்கடா போவேன்? ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கேன்.

– மெதுவா. அப்பா முழிச்சிருக்காரா?

– ஜன்னலோரம் தூங்குறாரு. காது மிஷினைக் கழட்டி வச்சிருக்கேன். நீ கத்தினாலும் கேக்காது.

– அப்ப கத்தியே சொல்றேன். பெத்த பிள்ளை ஒண்ணு அதே வீட்டுல ரெண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கிட்டு, அதனாலதான் அவரு இத்தனை நாள் இல்லத்துக்குப் போகாம இருந்தாருன்னு காட்டினா போதும். வீட்டை அந்தப் பிள்ளை பேருக்கு எழுதிடலாம். அரசாங்கம் கிட்ட வராது. குறுக்கு வழி இல்ல அக்கா, சட்டமே அப்படித்தான்.

– ரெண்டு வருஷமா?

– நீ மூணு வருஷம் இருந்திருக்கே.

– இரு. இரு டேரல். அடுப்பை அணைச்சிட்டு வர்றேன். என் பேருக்கா?

– உன் பேருக்குத்தான். வீடு, பின்னாடி கொட்டகை, படகு இறக்குற சரிவு, அம்மா வச்ச ஆப்பிள் மரம், மொத்தமும்.

– உனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே? நாளைக்கு உன் பெண்டாட்டி ஒரு பேச்சுப் பேசினா என்னால தாங்க முடியாது.

– அவதான் என்னை வக்கீல்கிட்டப் போன்னு விரட்டினா. எங்களுக்குத்தான் விரிகுடாவுக்கு அக்கரையில வீடு இருக்கே. கிறிஸ்துமஸுக்கு வந்தா ஒரு தட்டு வை, போதும்.

– ரெண்டு தட்டு வைக்கிறேன். இந்தா, டோனட் சாப்பிடு. இன்னொண்ணு எடு. நம்ம டாக்டர் எழுதிக் கொடுப்பாருடா. அப்பா பக்கவாதத்துல படுத்ததுலேருந்து யாரு குளிப்பாட்டுறா, யாரு ஊட்டுறான்னு அவருக்குத் தெரியும்.

– டாக்டர் சரி. ஆனா நீ இங்க குடியிருந்தேன்னும் காட்டணும்.

– தெருவுல யாரை வேணா கேளு. விடிஞ்சா அவரோட போர்வையை நான் கொடியில போடுறதைப் பார்க்காத ஆளு உண்டா?

– தெரு பத்தாதாம். ஓட்டு எங்க இருக்கு, வண்டி எந்த விலாசத்துல இருக்கு, மட்டி லைசென்ஸ் எந்த ஊருன்னு வக்கீலம்மா கேட்டாங்க. உன்னோடது எல்லாம் அக்கரையில என் வீட்டு விலாசத்துலதானே இருக்கு.

– ஐயோ.

– அதேதான்.

– நான் என்னடா பண்ணுவேன்? நம்ம ஊர்ச் சேறு நஞ்சாயிடுச்சுன்னு மட்டிச் சிப்பி எடுக்கவே கூடாதுன்னுட்டாங்க. அக்கரைச் சேத்துல தோண்டணும்னா அந்த ஊருல குடியிருக்கணுமாம். அதான் ஒவ்வொரு வருஷமும் அங்க போய் நின்னு, கையைத் தூக்கி, என் தம்பி வீட்டுலதான் குடியிருக்கேன்னு சத்தியம் பண்ணேன். வாய் கூசிச்சு. ஆனா மட்டி இல்லாம எனக்குச் சோறு இல்லையே.

– பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டினவன் யாரு? நான்தான், அந்த ஊர் மட்டிக் காவல்காரன். திருட்டு மட்டி எடுக்கிறவனைப் பிடிக்கிறதுக்குன்னு சம்பளம் வாங்குறவன்.

– அப்ப போச்சு. வீடு போச்சு. மூணு வருஷம் இந்த வீட்டுத் தரையில படுத்துக் கிடந்தேன். ஆனா காகிதத்துல பார்த்தா நான் இங்க ஒரு நாள் கூட இல்ல.

– போகாதுன்னு வந்ததும் சொன்னேனா இல்லையா? பாலத்து நடுவுல வச்சு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அக்கா, உன்னை நான் பிடிச்சுடணும்.

– எங்க பிடிக்கணும்?

– பொய் விலாசம் கொடுத்து மட்டி தோண்டினவள்னு பிடிக்கணும். எங்க ஊர் மட்டிக் கமிட்டி விசாரிக்கும். இவ அக்கரையில குடியிருக்கவே இல்ல, மூணு வருஷமா அப்பா வீட்டுலதான் இருந்தாள்னு முடிவு சொல்லும். ஊரே உக்காந்து முத்திரை குத்திச் சொன்னப்புறம் அதைவிடப் பெரிய சாட்சி எதுக்கு? எப்படி என் யோசனை?

– அடப்பாவி.

– சிரிக்கிறே பாரு.

– சிரிக்காம என்ன செய்ய? திருடின்னு பேரு வாங்கினாத்தான் வீடு கிடைக்கும்னா என்ன பொழப்புடா இது. ஆனா டேரல், லைசென்ஸ்?

– பிடுங்கிடுவாங்க. கொஞ்ச வருஷத்துக்குத் தரமாட்டாங்க.

– அப்புறம் நான் எதைத் தின்ன? இந்த வயசுல எனக்குத் தெரிஞ்சது மண்கொத்தியும் சேறும்தான். வீட்டைக் காப்பாத்தி உள்ள உக்காந்து பட்டினி கிடக்கவா?

– யாரு வந்திருக்கா ரோண்டா? காத்து எந்தப் பக்கம்?

– அப்பா எழுந்துட்டாரு. இருங்கப்பா, மிஷினை மாட்டிவிடுறேன். கழுத்தை இப்படித் திருப்புங்க. கேக்குதா?

– டேரல் ஏன் இப்படி இளிக்கிறான்?

– வீடு தப்பிச்சிடுச்சுப்பா. அக்கா பேருக்கு வருது. என்ன, அதுக்கு அவ மட்டி லைசென்ஸைத் தொலைக்கணும். அதான் முகத்தைத் தூக்கி வச்சிருக்கா.

– அவளுக்கு வீடு வருமா? உறுதியா? அப்ப என்னை அந்த இல்லத்துலயோ, எந்தப் பொந்துலயோ கொண்டு போடுங்க. நான் மூச்சு விடமாட்டேன்.

– பார்த்தியாடா, எப்படிப் பேசுறாருன்னு. போகணும்னு யாருப்பா ஆசைப்பட்டா? அன்னைக்குக் கடல் வத்துற நேரம், தோண்டலாம்னு நான் அக்கரைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா நீங்க குளியலறைத் தரையில கிடக்குறீங்க. எவ்வளவு நேரமாக் கிடந்தீங்களோ. நான் ஒருத்தி உங்களைத் தூக்கவும் முடியல, சேத்துக்குப் போகாம இருக்கவும் முடியல. அதனாலதானே.

– நான் உன்னைக் குத்தம் சொன்னேனா ரோண்டா? தரை சில்லுன்னு நல்லாத்தான் இருந்துச்சு.

– டேரல், நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. என் பொழப்பு போகுது, சரி, வீட்டுக்காகத் தாங்கிக்கிறேன். உனக்கு என்ன போகுது? கூடப்பிறந்தவளையே பிடிச்சுக் கொடுத்த நேர்மையான காவல்காரன்னு கடையில காப்பி வாங்கித் தருவாங்க. உன் சட்டையில அந்தப் பித்தளை இன்னும் மின்னும்.

– சட்டையைப் பாரு.

– என்ன பார்க்க?

– பாரேன்.

– எங்கடா உன் பேட்ஜ்?

– பாலத்துலயே வண்டியைத் திருப்பிட்டேன் அக்கா. நேரா எங்க ஊர் ஆபீசுக்குப் போனேன். கமிட்டியில மூணு பேரு உக்காந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன். லைசென்ஸுல இருக்கிற என் வீட்டு விலாசம் பொய், நான் தலையாட்டினது பொய், எங்கக்கா மூணு வருஷமா அப்பாகூடத்தான் இருக்கான்னு. யோசிச்சா மனசு மாறிடும்னு பயமா இருந்துச்சு, அதான் ஓட்டமா ஓடினேன். தலைவர் எழுதிக்கிட்டாரு. திங்கக்கிழமை முத்திரையோட தர்றேன்னாரு. அப்புறம் கையை நீட்டினாரு. நான் பேட்ஜைக் கழட்டி அவரு தட்டுக்குப் பக்கத்துல வச்சேன்.

– டேய். இருபது வருஷ வேலைடா. ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமே.

– கேட்டா விட்டிருப்பியா?

– விட்டிருக்க மாட்டேன். வா இங்க. டோனட் ஒட்டின கையோட பரவாயில்ல, வா. முட்டாப்பயலே. உன் பெண்டாட்டிகிட்ட என்ன சொல்லப்போறே?

– அவ சம்பளம் வருது. கொஞ்ச நாள் ஓடும். எனக்கு என்னமோ பயமே இல்ல அக்கா, சின்னப் பையன் மாதிரி குதிக்கணும்போல இருக்கு.

– ரோண்டா, இந்த மிஷின் சரியாக் கேக்குதா பாரு. அவனுக்கு வேலை போச்சுன்னா சொன்னான்?

– ஆமாப்பா.

– உனக்கும் இனிமே சேத்துக்குப் போக வேண்டியதில்லையா?

– போகவே விடமாட்டாங்கப்பா.

– அப்ப தூக்குறதுக்கு ஒருத்தன், துடைக்கிறதுக்கு ஒருத்தி, நாள் முழுக்க ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்க. வியாழக்கிழமை என்னை எதுக்குடா அங்க கொண்டு போறீங்க?