பந்தக்கால் மரம்

ருக்குமணி: ஐயோ மாப்ள… அந்த பாட்டில கீழ வைங்க. மொதல்ல கீழ வைங்க!

அன்புராஜ்: அத்த… நான் குடிக்கல.

ருக்குமணி: மூடி தொறந்து கெடக்குது. களைக்கொல்லின்னு எழுதியிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிகினீங்களா?

அன்புராஜ்: மரத்துக்கு அத்த. கட்டையில ஓட்ட போட்டிருக்கேன் பாருங்க. அதுல ஊத்தணும்.

ருக்குமணி: சாமி… பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா வரேன். படலைத் தொறந்தா இந்தக் கோலத்துல… ஒரு சொம்பு தண்ணி குடுங்க.

அன்புராஜ்: ஒக்காருங்க… இந்தாங்க. மடுகரையில எத்தினி மணிக்குக் கெளம்பினீங்க?

ருக்குமணி: ஏழுக்கு. கை கழுவிட்டா மோந்தீங்க?

அன்புராஜ்: கழுவிட்டேன்.

ருக்குமணி: சோப்பு போட்டு?

அன்புராஜ்: போட்டு.

ருக்குமணி: சரி. பக்கத்து வூட்டு ஆரோக்கியசெல்வி போன்ல சொன்னா. ஞாயித்துக்கெழமயானா உங்க மாப்ள அருவாளத் தூக்கினு மரத்துகிட்ட சண்டைக்குப் போறாருன்னு. நான் நம்பல. இன்னிக்கு மிஷினு வேறயா?

அன்புராஜ்: கம்பெனி டிரில்லு. நாளைக்குத் திருப்பித் தரணும்.

ருக்குமணி: அங்க இரும்புல ஓட்ட போடறது பத்தலயா, கல்பனா மரத்துலயும் போடறீங்க?

அன்புராஜ்: கல்பனா மரம்னு சொல்லாதீங்க.

ருக்குமணி: வேற எப்டி சொல்ல? உங்க கல்யாணத்துப் பந்தக்கால். மூணாம் நாளு பந்தல்லேருந்து புடுங்கியாந்து அவதான நட்டா?

அன்புராஜ்: தழைச்சா ஜோடி நல்லா இருக்கும்னு சொன்னீங்க. இருந்தோம். ரெண்டரை வருஷம். அவ போயி பத்து மாசம் கழிச்சி, போன கார்த்திகைப் புயல்ல மரம் சாஞ்சுது. சரி, தானா போச்சின்னு வுட்டேன். படுத்துகினே தழைச்சுது அத்த. ஆறு கெள. கம்பு நட்டாப்புல வரிசையா. மாசியில அடியோட அறுத்தேன். சித்திரையில கட்டையச் சுத்தித் துளுரு. மறுபடியும் கழிச்சேன். இப்ப பாருங்க, என் இடுப்பு ஒசரம்.

ருக்குமணி: கல்யாண முருங்க அப்டித்தான். எங்க ஒடிச்சிப் போட்டாலும் வரும்.

அன்புராஜ்: அதுக்கு வெக்கமே இல்ல.

ருக்குமணி: அதுக்கு இன்னா தெரியும் மாப்ள? ஈரம் இருந்தா வரும். யாரு செத்தா, யாரு அழுதான்னா பாத்துகினு இருக்குது?

அன்புராஜ்: அதத்தான் நானும் சொல்றேன்.

ருக்குமணி: நீங்க அத திட்டறீங்க. நான் திட்டல… நானும் தெனமும் எழுந்து அடுப்பு பத்த வைக்கிறேன். அதுக்காக எனக்கு வெக்கம் இல்லன்னுவீங்களா?

அன்புராஜ்: உங்கள சொல்லல அத்த.

ருக்குமணி: சாப்ட்டீங்களா?

அன்புராஜ்: ம்.

ருக்குமணி: இன்னா?

அன்புராஜ்: பிரெட்டு.

ருக்குமணி: காச்ச வந்தவன் துன்றத துன்னுகினு, மரத்துக்கு மருந்து ஊத்தறீங்க. சரி… நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கோச்சிக்கக் கூடாது.

அன்புராஜ்: சொல்லுங்க.

ருக்குமணி: சின்னவளுக்கு ஆவணி பதினொண்ணு முகூர்த்தம். பந்தக்காலுக்கு அக்கா மரத்துலேருந்துதான் போத்து வெட்டியாரணும்ன்றா.

அன்புராஜ்: வைஜெயந்தியா சொன்னா?

ருக்குமணி: வேற யாரு? இல்லாட்டி கல்யாணமே வேணாம்னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினா.

அன்புராஜ்: செத்தவ மரத்துலேருந்து பந்தக்கால் எடுத்தா ஊரு சும்மா இருக்குமா? மாப்ள வூட்டுக்குத் தெரியுமா?

ருக்குமணி: தெரியாது. மொத வந்த எடம்தான் கருமாதி முடிஞ்ச கையோட வேணாம்னு பூட்டாங்க. இவங்ககிட்ட எதுக்குப் போய்ச் சொல்லணும்? ஒரு போத்து, முழங்கை கனத்துல ஒரு கெள இருந்தா போதும். எடுத்துகினு போயிடறேன்.

அன்புராஜ்: வேணாம் அத்த.

ருக்குமணி: தர மாட்டீங்களா?

அன்புராஜ்: வேற எங்கயாவது வெட்டித் தரேன். கிருமாம்பாக்கத்துல ஒரு கொல்லை பூரா இருக்குது. இதுலேருந்து மட்டும் வேணாம்.

ருக்குமணி: ஏன் மாப்ள? ராசி இல்லன்னா?

அன்புராஜ்: நான் ராசி பாக்கறவனா?

ருக்குமணி: அப்றம்?

அன்புராஜ்: இது அந்தக் கால் இல்ல. பந்தல்ல இருந்த கால் பத்தாம் நாளே காஞ்சிட்டுது. தெனமும் பட்டைய நகத்தால கீறிப் பாப்பா. பச்ச இல்லன்னு அழுவா. நான் கிண்டல் பண்ணேன். எம்.எஸ்ஸி படிச்ச திமிரு. கட்டைக்கு இன்னாடி தெரியும்னேன். அவளுக்குச் சோறு எறங்கல… அப்றம் ஒருநாள் விடியக்காத்தால தெருக்கோடி கலியம்மாள் கொல்லையிலேருந்து பச்சப் போத்து ஒண்ணு வெட்டியாந்தேன். காஞ்சதப் புடுங்கிட்டு அதே குழியில நட்டேன். அதே மஞ்சத் துணிய அவுத்து இதுல கட்டினேன்.

ருக்குமணி: ம்…

அன்புராஜ்: பதினஞ்சி நாள்ல துளுரு. தெருவையே கூப்ட்டுக் காட்டினா. எல்லாருக்கும் சக்கர குடுத்தா. கலியம்மாளுக்கும். அந்தம்மா கொல்லைக் கெளைக்கு அந்தம்மாவுக்கே சக்கர.

ருக்குமணி: பொண்டாட்டி அழக்கூடாதுன்னு செஞ்சது. இதுல இன்னா தப்பு?

அன்புராஜ்: அப்ப தப்பு இல்ல. அப்றம் படி ஏறினா மூச்சு வாங்குச்சே… டாக்டரு நெஞ்சுக்கு எக்கோ எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாரு. அது ஆடி. கார்த்திகை வரைக்கும் கேட்டுகினே இருந்தேன். கொல்லைக் கதவத் தொறந்து காட்டுவா. ‘மரத்தப் பாருங்க, எப்டித் தழைக்குது! எனக்கு இன்னா ஆவப்போவுது?’ன்னு சிரிப்பா.

ருக்குமணி: நீங்க இன்னா சொல்லுவீங்க?

அன்புராஜ்: ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னாத்த சொல்ல? அது பொய்யுன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன். சொன்னா, இத்தினி நாளா ஏமாத்தினியான்னு கேப்பாளேன்னு… சொல்லியிருந்தா பயந்துகினாவது போயிருப்பா. பொங்கலுக்கு மூணு நாள் இருக்கச்சே கோலம் போட ஒக்காந்தவ எழுந்திருக்கல.

ருக்குமணி: போதும் மாப்ள.

அன்புராஜ்: அவ நம்பினது இந்த மரத்த. இத நட்டவன் நான். சின்னவளும் இத நம்பணுமா? வேணாம். நீங்க உள்ள போங்க, மருந்து காரம் அடிக்கும்.

ருக்குமணி: ஊத்தாதீங்க. எனக்குத் தெரியும்.

அன்புராஜ்: இன்னா தெரியும்?

ருக்குமணி: நீங்க போத்த மாத்தினது. கல்பனாவே சொன்னா.

அன்புராஜ்: …அவளுக்கு எப்டி?

ருக்குமணி: ஜன்னலண்ட நின்னு பாத்துகினு இருந்தாளாம். முள்ளு கிழிச்சி உள்ளங்கையில ரத்தம். லுங்கியில தொடச்சிகினு மறுபடியும் மண்ணத் தள்ளினீங்களாம். அன்னிக்குக் காலையில எனக்குப் போன் பண்ணா. பத்து நாளா அழுதுகினு இருந்த பொண்ணு அப்டிச் சிரிக்கிறா. ‘எம்மா, மரம் காஞ்சா காஞ்சிட்டுப் போவட்டும்மா, எனக்கு இது போதும்’ன்னா.

அன்புராஜ்: அப்ப… தெருவக் கூப்ட்டது, சக்கர குடுத்தது…

ருக்குமணி: நீங்க பாக்கணும்னு. உங்க மொகம் மலருமாம்.

அன்புராஜ்: என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

ருக்குமணி: அவருக்குத் தெரிஞ்சா வெக்கப்படுவாரு, சொல்லிடாதன்னு எனக்கும் சொல்லி வச்சா.

அன்புராஜ்: இருங்க… இது பொய்யுன்னு அவளுக்குத் தெரியும்.

ருக்குமணி: தெரியும்.

அன்புராஜ்: அப்ப இத நம்பி எக்கோவத் தள்ளிப் போடல.

ருக்குமணி: இல்ல. அதான் சொல்றேன், மரத்து மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல.

அன்புராஜ்: அப்றம் ஏன் போவல? நாலு மாசம் அத்த. ஏன்? அத்த. கீழ பாக்காதீங்க. என்னைப் பாத்து சொல்லுங்க.

ருக்குமணி: அந்த பாட்டில மூடுங்க.

அன்புராஜ்: மூடிட்டேன்.

ருக்குமணி: தூர வைங்க.

அன்புராஜ்: வச்சிட்டேன். யாரு மேல தப்பு?

ருக்குமணி: சின்னவளுக்கு மொத எடம் வந்து பேசிகினு இருந்த நேரம் மாப்ள… அக்காவுக்கு நெஞ்சில கோளாறுன்னு தெரிஞ்சா, குடும்பத்துல வர நோவுன்னு பூடுவாங்க, நிச்சயம் முடியற வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கம் போவாதடின்னு என் தலமேல அடிச்சி சத்தியம் வாங்கினது நான்தான்… அவரு கேட்டா இன்னாம்மா சொல்றதுன்னா. மரத்தக் காட்டுடி, அதுக்கு மேல அவரால வாயத் தொறக்க முடியாதுன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான்.